மூடியில் ஓர் ஊசித் துளை

எங்கள் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் ஜோசியம்மா. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். மதியம் கேன்டீனில் வைத்தேன், மறுநாள் காலை வாசல் காவலாளி வரைக்கும் போய்விட்டது. நான் செய்த வேறெந்த வேலையும் அந்தக் கம்பெனியில் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. சாயத்துக்கு வேண்டிய மூலப்பொருட்களைக் காய்ச்சி வடிக்கும் கம்பெனி எங்களுடையது. புதிதாக ஒரு பொருளை உலைக்குள் விடுவதற்கு முன்னால், அது எந்தச் சூட்டில் முறைத்துக்கொள்ளும், முறைத்துக்கொண்டால் எவ்வளவு வெப்பத்தைக் கக்கும் என்று சொல்வது அவள் வேலை. பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். கணினியில் அதன் மூலக்கூறைப் படமாக வரைவாள். மென்பொருள் அந்தப் படத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் அதனிடம் ஒரு மதிப்பு இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துக் கடைசியில் ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் பார்த்துப் போகலாம். சிவப்பு என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பலன் சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

பெயர் அவள் காதுக்கும் போனது. கோபப்படவில்லை. "ஜோசியக்காரங்க நல்லதும் சொல்லுவாங்க சார். நான் கெட்டதை மட்டும்தான் சொல்லுவேன்" என்று என்னிடமே சிரித்தாள். இப்படிச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும்.

பிடிக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் ஆய்வுக்கூடத்துக்காரன். மென்பொருள் ஊகமாகச் சொல்வதை நிஜமாகச் சூடாக்கிப் பார்த்துச் சொல்கிறவன். அவள் வந்த முதல் வருடத்தில் என் ரிப்போர்ட் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். ஒரு தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பத்து பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், "சார், இந்தப் புள்ளி இங்க இருந்தா பிளான்ட் இருக்கும், அங்க இருந்தா இருக்காது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைக் கேலி செய்யச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் பல வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும் அவளும் மூன்று பேர், மாடியில் ஒன்றரை அறை வீடு. தம்பி எங்கள் கம்பெனியிலேயே காய்ச்சி வடிக்கும் உலையில் ஷிப்ட் ஆள். அக்கா சிபாரிசில் வந்தான் என்று பேசிக்கொண்டார்கள். பொய். பரீட்சை எழுதித்தான் வந்தான், விடைத்தாளைத் திருத்தியவன் நான். நல்ல பையன். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி எடுத்து வரும்போது பாட்டிலைத் துடைத்துவிட்டுத்தான் மேஜையில் வைப்பான். மற்றவர்கள் ஒழுக ஒழுக வைத்துவிட்டுப் போவார்கள்.

காலையில் கிளம்பும்போது அவன் வழக்கமாக ஒன்று கேட்பானாம். டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "அக்கா, இன்னைக்கு எனக்கு என்ன கலர்?" என்பான். அன்று அவன் உலைக்கு வரப்போகும் பொருளின் நிறத்தை அவள் சொல்வாள். சிவப்பு என்றால் அன்று உலை ஓடாது, அவனுக்குக் கழுவித் துடைக்கிற வேலைதான். "சிவப்பா? அப்ப தூங்கலாம்" என்பான். அம்மாவுக்கு வேதியியலில் அட்சரம் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியும் பதிலும் அவளுக்கு மனப்பாடம். வாசல் வரைக்கும் வந்து, நிறத்தைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கதவைச் சாத்துவாள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப் பொருள் ஒன்று வந்தது. அதைக் காய்ச்சி வடித்த பிறகு உலையின் அடியில் கறுப்பாகக் கசடு தங்கும். அந்தக் கசடு சூட்டைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. மென்பொருள் சிவப்பு என்றது. ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் சின்ன பாட்டிலோடு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், சாஃப்ட்வேர் சிவப்பு காட்டுது. ஆனா இதுல ஒரு துண்டுக்கு அதுகிட்ட மதிப்பே இல்ல. அதுமாதிரியே இருக்கிற வேற எதையோ எடுத்துப் போட்டுக் கூட்டியிருக்கு. அதனால எனக்கே முழு நம்பிக்கை இல்ல. நீங்க ஒரு தடவை சூடாக்கிப் பார்த்துச் சொல்லுங்க. மூடி கெட்டியா அடைச்ச கிண்ணத்துல."

"எனக்குப் பாடம் எடுக்கறீங்களா மேடம்?"

"ஐயோ, இல்ல சார். எந்தக் கிண்ணம்னு எழுதிக் கேக்கணும்னு விதி. அதான் வாயாலயும் சொன்னேன்."

அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதில் உப்புக்கல் அளவு பொருளை வைத்து, மூடி, கருவிக்குள் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். பொருள் வெப்பத்தைக் கக்கினால் கோடு மேலே எகிறும், வாங்கிக்கொண்டால் கீழே இறங்கும். கிண்ணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று தடித்த எஃகு, மூடியை அச்சில் வைத்து இறுக்கி அடைக்க வேண்டும், ஒரு தடவை பயன்படுத்தினால் அதோடு சரி. இன்னொன்று மெல்லிய அலுமினியம், மூடியில் ஊசிக்குத்து அளவு துளை இருக்கும். துளை இருந்தால் பொருள் சூடாகும்போதே ஆவியாகி வெளியே ஓடிவிடும். ஓடுகிறது சும்மா ஓடாது, வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு ஓடும். சீற வேண்டிய பொருள் சீறுவதற்குள் கிண்ணத்தைக் காலி செய்துவிடும். கோடு சாதுவாகக் கீழே சரியும். பார்க்கிறவர்கள், ஆகா, என்ன சமர்த்தான பொருள் என்பார்கள்.

எஃகுக் கிண்ணம் தீர்ந்துபோயிருந்தது. நான்தான் ஆர்டர் போட மறந்திருந்தேன். வருவதற்கு மூன்று வாரம் ஆகும். "தீர்ந்துபோச்சு மேடம்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் தீர்ந்தது என்று கூட்டத்தில் கேட்பார்கள், பத்து பேர் மறுபடி சிரிப்பார்கள். அதற்குள் பிளான்ட் மேனேஜர் வேறு போனில் கத்தினார், நாளைக்குள் பதில் வேண்டும் என்று. எனக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

துளை மூடியைப் போட்டேன்.

தெரியாமல் போட்டேன் என்று இதுவரைக்கும் எனக்கு நானே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம். துளை மூடியில் இந்த மாதிரிக் கசடை வைத்தால் கோடு எப்படி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். அப்படித்தான் வந்தது. படிவத்தில், கிண்ணம் என்ற இடத்தில் "மூடி அடைத்தது" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கூடவே ஓர் அற்ப சந்தோஷம். அவளுடைய மென்பொருளின் மூக்கு உடைந்தது பார் என்று.

மறுநாள் காலை அவள் கோட்டைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அந்த உலை அவள் தம்பியின் உலை, அது எனக்கும் தெரியும்.

"மூடி கெட்டிதானே சார்?"

"கெட்டிதான்."

"அப்பாடா. ரொம்ப நன்றி."

கணிப்பும் சோதனையும் முரண்பட்டால் சோதனைதான் செல்லும் என்பது எங்கள் விதி. அதை எழுதியவளே அவள்தான். அந்தச் சிவப்புத் தாளின் மேலேயே, தன் கையெழுத்தில், "சோதனையில் ஆபத்து இல்லை. பச்சை எனக் கொள்ளவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து.

பதினோராவது நாள், திங்கட்கிழமை. காலையில் தம்பி வழக்கம்போலக் கேட்டிருக்கிறான். "பச்சைடா, போ" என்றிருக்கிறாள். அம்மா கதவைச் சாத்தியிருக்கிறாள்.

உலைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி, குறைந்த சூட்டிலேயே பொருளைக் கொதிக்க வைக்கும் வெற்றிடப் பம்பு நின்றுவிட்டது. பம்பு நின்றால் உலையை உடனே குளிர வைக்க வேண்டும். பொருள் பச்சைதானே என்று, பம்பைச் சரிசெய்கிற வரைக்கும் கசடைச் சூட்டிலேயே விட்டுவைக்கச் சொன்னார் மேனேஜர். இரண்டு மணி நேரம். பதினொரு மணிக்குச் சூடு தானாகவே ஏற ஆரம்பித்தது. உலையைச் சூடாக்கும் நீராவியின் வால்வை மூட அவன் மட்டும் உள்ளே ஓடினான் என்று வெளியே ஓடிவந்தவர்கள் சொன்னார்கள்.

என் அறை ஜன்னல் கண்ணாடி முழுக்க உதிர்ந்தது. எல்லோரும் என்ன ஆச்சு என்று உலையை நோக்கி ஓடினார்கள். எனக்கு என்ன ஆச்சு என்று தெரியும். நான் அலமாரிக்கு ஓடினேன். பயன்படுத்திய கிண்ணங்களை எண் போட்ட தட்டில் இரண்டு மாதம் வைத்திருப்போம். அந்தக் கசடின் எண்ணில் இருந்த அலுமினியத்தை எடுத்து இடுக்கியால் நசுக்கினேன். வேறொரு பொருளுக்குப் பயன்படுத்திய பழைய எஃகுக் கிண்ணத்தை அந்த இடத்தில் வைத்தேன். தட்டின் எண்ணை ஒரு தடவை சரிபார்க்கவும் மறக்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். சிவப்புத் தாள் மேஜை நடுவில் கிடந்தது, மேலே அவள் கையெழுத்தோடு. மேனேஜருக்கு அந்தத் தாளைக் கண்டதும் உயிர் வந்தது. பம்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பாருங்கள்.

என்னிடம் கிண்ணத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். "அடைச்சதுதானே?" என்றார்கள். "ஆமா சார்" என்றேன். இரண்டு நிமிடத்தில் என் பங்கு முடிந்தது.

அவளிடம், சோதனையில் தவறு இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்கள். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். "இல்ல சார். அவர் செஞ்சா சரியா இருக்கும். அவர்கிட்ட நான் ஒரே ஒரு தடவைதான் தப்பு கண்டுபிடிச்சிருக்கேன், அதுவும் ஒரு புள்ளி. நான்தான் மாதிரியைத் தப்பா எடுத்திருக்கணும். இல்லன்னா அந்த சிவப்பை நம்பியிருக்கணும்."

தம்பியை அடக்கம் செய்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வேலை போனது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வீட்டில் நடந்தது. அம்மா அவளைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தானாம். "நீதானேடி பச்சைன்னு சொல்லி அனுப்பின?" அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒன்றரை அறை வீட்டில் எட்டு வருடம். சமைப்பாள், தட்டில் போட்டு மூடி வைப்பாள், அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைத் தண்ணீரோடு பக்கத்தில் வைப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். பால்காரரிடம் பேசுவாள், எதிர்வீட்டுக் குழந்தையிடம் பேசுவாள். பெற்ற பெண் கூப்பிட்டால் பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? அவள்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தந்து பிழைப்பு ஓடியது. மீதி நேரமெல்லாம் பழைய மடிக்கணினியில் அந்தக் கசடுதான். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதற்குத்தான் உயிரோடு இருக்கிறேன் சார் என்று ஒரு தடவை வெளிப்படையாகவே சொன்னாள்.

"எப்படி வரைஞ்சாலும் சிவப்புதான் சார் வருது. அந்த மதிப்பு இல்லாத துண்டுக்கு இப்ப புதுசா மதிப்பு கண்டுபிடிச்சுப் போட்டிருக்காங்க. அதைப் போட்டா இன்னும் சிவப்பாகுது. அப்புறம் எப்படி உங்க கோடு கீழ போச்சு?"

முதல் தடவை இதைக் கேட்டபோது காபி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விட்டேன். பிறகு பழகிவிட்டது. அவள் கிண்ணத்துப் பக்கம் நெருங்கும்போதெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிடுவேன். "உலை இரும்பாச்சே, துரு கலந்திருந்தா? அதைச் சேர்த்துப் பார்த்தீங்களா?" என்பேன். பாவம், கண் விரியும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவாள். நாலு மாதம் துருவோடு போராடுவாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வருவாள். "நாள்பட்ட கசடா இருந்திருந்தா?" என்பேன். அது ஒரு ஏழு மாதம் ஓடியது. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிற மாதிரி எட்டு வருடம் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும், "நீங்க ஒருத்தர்தான் சார் என்கிட்ட இதைப் பத்திப் பேசறீங்க" என்பாள்.

இதற்கு நடுவில் நான் ஆய்வுக்கூடத் தலைவன் ஆனேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் நானே எடுத்தேன். அதில் சிவப்பு எச்சரிக்கையை மீறிய ஒரு பொறியாளரின் கதை வரும். நன்றாகச் சொல்வேன். ஒரு தடவை ஒரு பெண் அழுதேவிட்டது.

போன மாதம் அவள் தனியாக வரவில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு இதயம் பழுது, டாக்டர் நாள் குறிக்காத குறையாகச் சொல்லிவிட்டாராம். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடிக்கவில்லை, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். மகளிடம் பேசாமலே, மகள் தோளைப் பிடித்தபடி வந்திருக்கிறாள். எட்டு வருடத்தில் அந்தத் தோளைத் தொட்டது அன்றைக்குத்தான் போலிருக்கிறது. அவள் அந்தத் தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி" என்றாள் அம்மா என்னைப் பார்த்து. "நான் படிக்காதவ. உங்களுக்கு எல்லாம் தெரியும்னு இவ எதிர்வீட்டுல சொல்லுவா, என் காதுல விழும். நான் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் பையன் போனது இவ தப்பாலயா? இல்ல வேற யாராவது செஞ்சதா? இவ மேல தப்பு இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, இவகூடப் பேசிட்டுக் கண்ணை மூடுவேன்."

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இது சத்தியம். முழு உண்மைகூட வேண்டியதில்லை. "இல்லைம்மா" என்றால் போதும், அந்த ஒரு சொல்லில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இல்லை என்றால், அப்புறம் யார் என்று அடுத்த கேள்வி வரும். அவள் உட்கார்ந்திருக்கிறாள், விடாமல் கேட்கிறவள், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. என் மனைவி வாசற்படியில் நிற்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் பயம்தான் அதிகம்.

"மிஷின் சிவப்புன்னுதாம்மா சொல்லுச்சு" என்றேன். "இவங்கதான் அதைப் பச்சைன்னு மாத்தி எழுதினாங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. விசாரணை அறிக்கையில்கூட அப்படியேதான் இருக்கிறது.

அம்மா தலையாட்டினாள். தோளிலிருந்து கையை எடுத்தாள். டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தனியாகவே படியில் இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு விடுகிற சத்தம் மேலே கேட்டது.

நான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல சார்" என்றாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்."

குறிப்பேட்டைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பினாள். பேனா மூடியைக் கழற்றினாள். கீழே அம்மாவின் காலடி இன்னும் முதல் மாடியைத் தாண்டவில்லை.

"துரு பார்த்தாச்சு, நாள்பட்டது பார்த்தாச்சு. அடுத்து எதைப் பார்க்கட்டும் சார்? அம்மாவுக்கு நாள் அதிகம் இல்ல."

"ஈரம்" என்றேன். "கசடுல தண்ணி கலந்திருந்துதான்னு பாருங்க."

அவள் எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு, அம்மாவைப் பிடிக்கப் படியில் வேகமாக இறங்கினாள்.